மரமுகத்துள் வந்த சினம்

சுவிற்சர்லாந்தின் தென்மலைகளுக்கு நடுவே, இருபுறமும் பனிமுகடுகள் எழுந்து நின்று ஞாயிற்றைப் பிற்பகலிலேயே மறைத்துவிடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில், கரிய மரவீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் சிற்றூர் ஒன்றைக் காண்பீராக, தமிழறிந்த வாசகரே! மாசித் திங்களின் மாலைப்பொழுது அது. கத்தோலிக்கரின் நோன்புக்காலம் பிறக்குமுன் ஆண்டுதோறும் நிகழும் முகமூடி விழாவுக்காக, ஆட்டுத்தோல் போர்த்து, இடுப்பில் மாட்டுமணி கட்டி, பல் துருத்திய மரமுகம் அணிந்த ஆடவர் தெருவிற் பாய்ந்து, எதிர்ப்பட்டோரைப் பற்றி உருட்டி அவர் முகத்திற் பனியைத் தேய்த்தனர். அகப்பட்டவர் சினவார், அணிந்தவர் வாய்திறவார், உள்ளே இருப்பவர் யாரென எவரும் வினவார். அவ்வூர் வழக்கம் அது.

அணிந்தவருள் ஒருவன் கோபிசன். யாழ்ப்பாணத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்து, அவ்வூரில் பாற்கட்டி எனப்படும் சீஸ் செய்யும் கூடத்தில் உப்புநீரிற் கை வெடிக்க உழைப்பவன். சென்ற ஆண்டு அவன் குடியுரிமை வேண்டி நின்றபோது, ஊரவையில் அன்ரன் என்னும் தச்சர் எழுந்து, "இவர் நம் விழா ஒன்றிலேனும் கலந்துகொண்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வாழ்பவருக்கு ஊர் எதற்கு?" என்றார். அவ்வளவுதான்; ஆதரித்து ஒரு கையும் உயரவில்லை. வரும் பங்குனியில் அவை மறுபடி கூடும் என்பதனாலேயே, கோபிசன் இவ்வாண்டு ஒரு மரமுகத்தைக் கேட்டு வாங்கினான்.

வாங்கியவன் செய்த கூத்தைக் கேளுங்கள். அம்மன் கோயிலில் உருவேறி ஆடுவோரைக் கண்டு வளர்ந்தவன் ஆதலால், இம்முகத்துள்ளும் ஒரு தெய்வம் உறையும் என நம்பி, ஊன் தவிர்த்து, அதன்முன் சூடம் கொளுத்திக் கும்பிட்டான். புகை கண்டால் கூவும் கூரைக்கருவி வீடதிரக் கூவிற்று. மனைவி சரணியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது இந்த ஊராக்களின்ர விளையாட்டப்பா. கும்பிடுற சாமான் இல்லை."

"முகம் வைச்சு ஆடுறதெண்டால் சும்மாவோ? உள்ளுக்கை ஏதோ இருக்கும்."

இருக்கத்தான் செய்தது. விழா மாலையில், தெருமுனையில் அன்ரன் எதிர்ப்பட்டார். வழக்கமறிந்த அவர், சிரித்தவாறே கைகளை விரித்து நின்றார். மரமுகத்தின் துளைகளினூடே அச்சிரிப்பைக் கண்டதும் கோபிசன் உடல் பதறியது. இடுப்புமணி தானே குலுங்கியது. உரு வந்துவிட்டதென்றே அவன் எண்ணினான். பனியை அள்ளவேண்டிய கை முட்டியாய் இறுகிற்று. முதற்குத்தில் மூக்கெலும்பு நொறுங்கியது. விழுந்தவர் மார்பில் முழங்காலை ஊன்றி, மீண்டும் மீண்டும் குத்தினான், பல்லொன்று தெறித்தது, செந்நீர் வெண்பனியிற் பரவி ஆவி எழுப்பிற்று. "போதும்! போதும்!" என்று அவர் கதறியதும் அவன் செவியில் ஏறவில்லை. ஏனைய முகமூடிகள் அவனை இழுத்தெறிந்தன. அப்போதும் எவரும் அவன் முகத்தைத் திறக்கவில்லை.

வீடு சேர்ந்தவன், "எனக்கு உரு வந்திட்டுது, சரணியா. அன்ரனை அடிச்சது நானில்லை," என்றான்.

அவள் அவன் கையுறையைக் கழற்றி, வீங்கிய விரல்களைப் பார்த்தாள். "உரு வந்த ஆக்கள் எல்லாருக்கும் திருநீறு குடுப்பினம். உங்களுக்கு வந்த உரு மட்டும் அந்தாளைப் பாத்து அடிச்சதோ? அது உங்கட கோவம். போய்ச் சொல்லுங்கோ."

விடிந்ததும் போனான். முகமெல்லாம் கட்டுடன் கதவைத் திறந்தார் அன்ரன். "நேற்று உங்களை அடித்தவன்..." என்று கோபிசன் தொடங்குமுன் அவர் கையை உயர்த்தினார்.

"முகமூடிக்குள் இருந்தவர் யாரென்று நாங்கள் கேட்பதில்லை. சொல்லவும் விடுவதில்லை."

கதவு சாத்தப்பட்டது. சொல்ல வந்த பிழையைச் சுமந்தவாறே அவன் படியிறங்கி வீடு திரும்பினான்.

பங்குனியில் ஊரவை கூடியது. கோபிசன் பெயர் ஒலித்தபோது, கோணிய மூக்குடன் அன்ரன் எழுந்தார். "இவர் நம் விழாவில் கலந்துகொண்டார். நான் அறிவேன்," என்று மட்டும் சொல்லி, அவனையே நோக்கியவாறு முதற்கையை உயர்த்தினார். அவை முழுதும் கை உயர்த்தியது.

மன்னித்தாரோ, ஒறுத்தாரோ, அவனுக்கு விளங்கவில்லை. வாசகரே, அடிபட்டவன் புண் என்றேனும் ஆறிவிடும். அடித்தவன் தன் பிழையைச் சொல்லவும் இடம் பெறாவிடின், அதை எங்கே இறக்கி வைப்பான்? வாழ்த்திக் கைகுலுக்க ஊரார் நெருங்கி வந்தனர். கோபிசன் தன் வலக்கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டான்.