லைனில் இருக்கிறார்

காலையில் அண்ணி போன் செய்தபோது அவன் குடிநீர் வாரியக் கட்டுப்பாட்டு அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து உங்கண்ணன் போனை எடுக்கல தம்பி. பம்ப் ஹவுஸுக்கு ஒரு எட்டு போய்ப் பாரேன்."

ஊருக்கு வெளியே இருந்த பம்ப் ஹவுஸில் இரவும் பகலும் அண்ணன் தனி ஆளாகத் தங்கி வேலை பார்த்தார். கட்டுப்பாட்டு அறையின் நாற்காலி தனக்குத்தான் என்று காத்திருந்து, அது தம்பிக்குப் போனதும் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார். இப்போது அவர் தம்பியிடம் பேசுவது லைனில் மட்டும்தான் என்று அறையில் கேலி செய்வார்கள். அது அவனுக்கும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு பம்ப் ஹவுஸிலும் இருக்கும் பெட்டியை இந்த அறையோடு இணைக்கும் லைனில் எந்த நிலையமும் தானாக வாய் திறக்காது. தலைமை நிலையம் ஒவ்வொன்றையும் அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்டது மட்டும் பதில் சொல்லும். செய்திக்கு முன்னும் பின்னும் ஒரு பூஜ்யம், ஆறு ஒன்று, ஒரு பூஜ்யம் என்று வேலி. உள்ளே இருக்கும் விவரத்திலும் தப்பித்தவறி அதே வரிசை வந்து ஏமாற்றிவிடக் கூடாதே என்று, ஐந்து ஒன்று சேர்ந்தாற்போல் வந்தால் அனுப்பும் பெட்டி ஒரு பூஜ்யத்தைச் செருகும், வாங்கும் பெட்டி அதை எடுத்துவிடும். வழியில் ஏதாவது பிசகினால் சரிபார்ப்புக் கணக்கு உதைக்கும், மறுபடி அனுப்ப வேண்டியதுதான். சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் 'தயார்' என்றாவது பதில் வந்தாக வேண்டும். இத்தனை கவனமும் பெட்டிகளுக்குத்தான். அறையில் இருந்தவர்களோ நிலையத்தை அங்கே இருக்கும் ஆளை வைத்தே சொல்லிப் பழகியிருந்தார்கள். தாடிக்காரர் பேசிட்டாரு, மாப்பிள்ளை தூங்கறாரு, அண்ணன் தயார்.

அவன் திரையைப் பார்த்தான். ஒரு பிழைகூட இல்லாமல் பதில் வந்துகொண்டிருந்தது.

"அண்ணன் தயாராத்தான் இருக்காரு அண்ணி. கூப்பிட்டா உடனே பதில் வருது. போனை எடுக்காததெல்லாம் வீம்பு."

"நெஜமாவா?"

"கண்ணால பாத்துட்டுத்தானே சொல்றேன்."

போயிருக்கலாம். ஜீப் வாசலில்தான் நின்றது. ஆனால் போய் நின்றால் தம்பி இறங்கி வந்துவிட்டான் என்று அவர் நினைப்பார். அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம், மோட்டார் பார்க்கப் போன மெக்கானிக் அங்கிருந்து கூப்பிட்டார்.

"சார், அண்ணன் விழுந்து கெடக்காரு. மூச்சு இல்ல. போன் மேஜை மேலயே இருக்கு. மோட்டார்கிட்டேர்ந்து கதவு வரைக்கும் தவழ்ந்தே வந்திருக்காரு சார். உடம்புல இன்னும் சூடு ஆறல."

"இப்பக்கூட லைன்ல இருக்காரேய்யா," என்றான் அவன்.



"அது பெட்டி சார்."

அவனுக்குத் தெரியாததா. அந்தப் பெட்டியைப் பொருத்தியவனே அவன்தான். காலையில் அவர் கதவைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்திருப்பார். இங்கே இவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வீம்பு என்றான். செத்துப்போகலாம் போலிருந்தது.

போன் அடித்தது. அண்ணி.

"நீ சொன்னப்புறந்தான் தம்பி உசுரே வந்துச்சு. சோறு கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். உனக்கும் சேர்த்துத்தான். வந்துடு, ரெண்டு பேரும் என் முன்னாடி உக்காந்து சாப்பிடுங்க. என்ன?"

"அண்ணி..." என்றான்.

"பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்றாள் அண்ணி. பிறகு, பக்கத்தில் யாரிடமோ, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பாத்திரம் சாஞ்சிடும்," என்றாள்.