சிவப்பு டயல்

ஜோதி மூச்சை அடக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தபோது, கட்டிலில் படுத்திருந்த அவள் அப்பா அப்பாவு, "உள்ள பல்லி கில்லி பூந்துக்கினு கீதா பாரு" என்றார்.

"சும்மா இரு நைனா. சிரிச்சா கை ஆடுது."

இதயம் களைத்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எண்பதைத் தாண்டிய மனிதர் அதற்குக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைப்பாக்கம் திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: எப்போதோ நின்றுபோன தன் கடிகாரம் ஓட வேண்டும், டயல் சிவப்பாக இருக்க வேண்டும்.

"கெயவனுக்கு செவப்பு கேக்குதா!" என்று அம்மா முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் பொண்ணு பாக்க வந்தப்ப நீ கட்டிக்கினு இருந்த பொடவ இன்னா கலரு?"

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தாளிப்பு கருகும் வாசனை வந்தது.

சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனி லைனில் நிற்கும் ஜோதிக்குச் சின்ன ஸ்குரூக்கள் பழக்கம். புது மெஷினும் சிவப்பு டயலும் வாங்கி, முள்ளையும் பொருத்திவிட்டாள். ஆனால் கடிகாரத்தின் பழைய கூடு பெரியது, மெஷின் சின்னது. உள்ளே லொடலொடவென்று ஆடியது. சாவியைத் திருகினால் டயலும் கூடவே நகர்ந்தது.

"ரெண்டு சொட்டு கம் ஊத்தேன்" என்றான் அண்ணன் ரகுபதி.

"ஒட்டிட்டா அப்பால பேட்டரி போனா கயட்ட முடியாதுண்ணா."

"அப்பாலயா..." என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டான். அப்பாவுதான் சிரித்தார்.

"அவ சொல்றது கரெக்ட்டுடா."

ஜோதி தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் மூடியோடு வரும் பிளாஸ்டிக் வளையத்தைக் கழற்றினாள். ஓரிடத்தில் வெட்டி, கூட்டின் உள்விளிம்போடு சுற்றினாள். வெட்டிய இடைவெளியே சாவித் தண்டுக்கு வழியாயிற்று. மெஷினை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டுக் காதருகே உலுக்கினாள். ஆட்டமே இல்லை.

கையில் கட்டியதும் அப்பாவு தெருவில் போகிறவர்களை ஜன்னல் வழியே கூப்பிட்டு, மணி கேட்கச் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன் செல்லைப் பார்த்து, "ரெண்டு நிமிசம் பாஸ்ட்டா கீதே பெரீப்பா" என்றான்.

"உன் செல்லு ஸ்லோ, போடா."

மீன் குழம்பு கேட்டு, இரண்டு வாய் சாப்பிட்டார். அம்மா தட்டை எடுக்க வந்தபோது அவர் போயிருந்தார். பந்தயத்தில் ஜெயித்தவர் போலிருந்தது முகம்.

மறுநாள் கல்யாணச் சாவென்று ஊரே திரண்டது. மேளக்காரர்கள் பிய்த்து உதறினார்கள். பாடையில் ஏற்றுமுன் கடிகாரத்தைக் கழற்றிய ரகுபதி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். முனியம்மாள் கையை நீட்டினாள்.

"ஓடுறத எதுக்குடா நெருப்புல போடணும்?"

கண்ணாடி வளையல்களுக்கு மேலே தானே கட்டிக்கொண்டாள்.

ஊர்வலம் கம்பெனி ரோட்டில் ஏறியது. ஜோதி மற்ற பெண்களோடு தெருமுனையில் நின்றாள். எதிரே ஷிப்ட் பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணைத்தார். ஜன்னலோரம் கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், யார் சாவென்றே தெரியாமல், மேளத்துக்குத் தோளை மெல்ல ஆட்டத் தொடங்கினாள்.

ஜோதி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.