யானை வழக்கின் கடைசிப் பக்கம்

வீட்டில் ஃபேனை நிறுத்த வேண்டுமென்றாலும் என் அப்பாவுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஆதரவு வேண்டும்.

ஞாயிறு மாலையானால் எங்கள் சாப்பாட்டு மேசைதான் கோர்ட். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா ஆரம்பித்து வைத்த கூத்து இது. வீட்டுச் சண்டை எதுவானாலும் அந்த வாரம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்துத்தான் வாதாட வேண்டும். பழசைத் தொடக் கூடாது. தீர்ப்பு எதைப் பற்றியதாக இருந்தாலும் வளைத்து நெளித்து நம் வழக்குக்குப் பொருத்துவது அவரவர் சாமர்த்தியம். என்னைப் படிக்க வைக்க அவர் போட்ட திட்டம் என்று பிறகுதான் புரிந்தது. இரண்டு ஊர்களின் ஆற்று நீர்த் தகராறை வைத்து, காலையில் குளியலறைக்குள் முதலில் நுழையும் உரிமையை நான் வாங்கினேன். படகுகள் எல்லை தாண்டிய வழக்கை வைத்து டி.வி. ரிமோட்டை அப்பா பறித்துக்கொண்டார்.

நீதிபதி அம்மா. பள்ளியில் இயற்பியல் டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டே இரண்டு தரப்பையும் கேட்பார். வாதம் சொதப்பலாகப் போனால் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். வக்கீலாக நிஜக் கோர்ட்டில் எத்தனையோ பேரைத் தண்ணி குடிக்க வைத்த அப்பா, அந்தப் பார்வைக்கு முன் நிஜமாகவே தண்ணீர் டம்ளரைத் தேடுவார்.

அன்றைய வழக்கு என்னுடையது. தலைநகரில், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு வழக்குகளைப் படித்துக் குறிப்பெடுத்துத் தரும் சட்ட ஆய்வாளராகச் சேரும்படி எனக்கு அழைப்பு வந்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று மறுநாளுக்குள் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். படிப்பு முடிந்ததும் மகளைத் தன்னிடமே ஜூனியராக வைத்துக்கொண்டிருந்த அப்பாவோ முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். தோற்றபோதெல்லாம் வாய் பேசாமல் கட்டுப்பட்டவர் அவர். நான் தோற்றாலும் கட்டுப்பட்டுத்தானே ஆக வேண்டும்?

"கனம் கோர்ட்டார் அவர்களே," என்று அப்பா எழுந்தார். "குளியல் சோப்பு மருந்தாங்கற வரி வழக்குல இந்த வாரம் தீர்ப்பு வந்திருக்கு. மேல ஒட்டியிருக்கற பேரைப் பாக்காதே, உள்ள என்னன்னு பாருன்னு சொல்லியிருக்காங்க. ஆய்வாளர்னு பேர் வச்சா ஆச்சா? போய்ச் செய்யப் போறது ஃபைல் தூக்கற வேலை."

"இங்க மட்டும் என்ன தூக்கறேனாம்?" என்றேன்.

"குறுக்க பேசாதே," என்றார் அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் முறை வந்தது. "எத்தனை வருஷம் குடியிருந்தாலும் வீடு வாடகைக்காரருக்குச் சொந்தமாயிடாதுன்னு இந்த வாரம் சொல்லிட்டாங்கம்மா. பொறந்ததுலேர்ந்து அப்பாவோட இருக்கேன்னு நான் அவருக்குப் பட்டா ஆயிடுவேனா?"

அம்மாவின் உதடு துடித்தது. மூக்கைச் சொறிந்து சிரிப்பைச் சமாளித்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பெரிய ஆயுதத்தை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். மூடிப்போன சர்க்கஸ் ஒன்றின் யானையைக் காட்டுச் சரணாலயத்துக்கு அனுப்பலாமா என்ற வழக்கு அது. அச்சடித்த தாள்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி வாசித்தார்.

"கேளுங்க. 'ஒருவன் கையால் தின்று வளர்ந்த உயிரை அவனிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்துக்கும் இல்லை. யானைக்குக் காடு கிடைக்கலாம். பாகனுக்கு எது கிடைக்கும்?'"

கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னை யானையாக்கிவிட்டாரே என்று கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. கண் கரித்தது. ஆனால் நான் அந்தத் தீர்ப்பை முழுக்கப் படித்திருந்தேன்.

அப்பா எந்தத் தீர்ப்பையும் பின்னாலிருந்துதான் படிப்பார். "முடிவு கடைசியிலதான் இருக்கும். முன்னாடி இருக்கறதெல்லாம் வக்கீலுங்க வாங்கின ஃபீஸுக்குப் பேசினது," என்று ஜூனியர்கள் எல்லோருக்கும் சொல்வார். வேண்டியது கிடைத்ததும் மூடி வைத்துவிடுவார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, அப்பா படிச்சது தீர்ப்பே இல்ல. மூணு நீதிபதிகள்ல ஒருத்தர் ஒத்துக்காம தனியா எழுதினது. அதைக் கடைசியில சேர்த்திருக்காங்க. மத்த ரெண்டு பேரும் யானை போகலாம்னுட்டாங்க."

அப்பா தாள்களைப் பரபரவென்று முன்பக்கம் நோக்கிப் புரட்டினார். காது சிவந்துபோனது. "ஒத்துக்காதவர் எழுதினதை முன்னாடியே போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!" என்று அச்சடித்தவர்கள் மேல் பாய்ந்தார்.

"அந்தப் பாகன் என்ன ஆனான்?" என்று கேட்டார் அம்மா.

"எப்ப வேணும்னாலும் போய்ப் பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்கம்மா."

"அப்போ யானை போகட்டும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். அப்பா தாள்களை ஓரம் சரிபார்த்து அடுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது குதிக்க மனம் வரவில்லை.

"அவ்வளவுதான், இனிமே யாரோட வாதாடுவேன்?" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

"என்னோட," என்றார் அம்மா. "ஜட்ஜா உக்கார வச்சே என் வாயைக் கட்டிட்டீங்க. ஒரு மனு போட முடிஞ்சுதா என்னால? எல்லாம் சேர்ந்து கிடக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை முதல் மனு."

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நீ கட்சிக்காரி ஆயிட்டா தீர்ப்பு யார் சொல்றது?"

"அவதான். வீடியோல கூப்பிட்டாப் போச்சு."

"அநியாயம்! எதிர்த்தரப்போட பொண்ணு ஜட்ஜா?"

"ஏன், உங்களுக்கு அவ யாராம்?"

அப்பா இந்த வாரத் தீர்ப்புகளை மறுபடி, இந்த முறை முதல் பக்கத்திலிருந்து, புரட்ட ஆரம்பித்தார்.

வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டு நான் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா என்ன மனு போடப் போறா? உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"ஒரு தரப்பு இல்லாதப்போ ஜட்ஜுகிட்ட கேஸ் பேசக் கூடாதுப்பா."

முறைத்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த தன் கம்பளிக் கோட்டை என் கட்டில் மேல் வைத்தார். "அங்க குளிரும். எடுத்துட்டுப் போ."

அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே வம்புக்கு இழுத்தேன். "ஜட்ஜுக்குக் கட்சிக்காரர் கோட்டு குடுத்தா, அது லஞ்சம் இல்லையாப்பா?"

"நான் குடுத்தா பாசம்," என்றார் அப்பா. "உங்கம்மா எதாவது குடுத்தா, அது லஞ்சம்."