மச்சக்காரி

வெர்னாவுக்கு மச்சக்காரி என்று பட்டப்பெயர் வைத்தவன் கட்டிய புருஷன் கிளெம்தான். கரும்பு வெட்டு மும்முரத்தில், கெண்டைக்காலில் ஒரு மச்சத்தைப் பார்த்துப் பயந்து டவுன்ஸ்வில் பட்டணம் வரை போய்க் காட்டினாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார் டாக்டர். போதாதா கிளெமுக்கு? குடிக்கப் போகிற பப்பில் எல்லார் முன்னாலும் அவளைப் போல நொண்டி நடந்து, செத்து விழுந்து காட்டினான். மகள் கல்யாணத்தில் சம்பந்திகளிடம்கூட, "இவதான் எங்க மச்சக்காரி" என்றான். அவள் சிரித்துவைத்தாள். வயிறு எரிந்தது.

அவனைக் கேட்டால், குவீன்ஸ்லாந்துக்காரன் தோலில் எது வந்தாலும் வெயில் புள்ளி. வருஷத்துக்கொரு தரம் முகத்தையும் கையையும் கிளினிக்கில் காட்டி, புள்ளிகளைச் சுட்டு எடுத்துக்கொள்வான். வயலில் வெற்றுடம்பாகத் திரிகிறவன், அங்கே மட்டும் சட்டையைக் கழற்ற மாட்டான்.

போன கோடையில் முதுகு அரிக்கிறது என்று திரும்பி நின்றான்.

"என்னடி இருக்கு அங்க? பாத்துச் சொல்லு, மச்சக்காரி."

தோள்பட்டைக்குக் கீழே ஒன்று இருந்தது. ஓரம் பிய்ந்து, பாதி கருப்பு, பாதி பழுப்பு, மூலையில் நீலம். இப்படி ஒன்று வந்து வளர்ந்தால் ஓடி வரவேண்டும், சீக்கிரம் வெட்டினால் பிழைக்கலாம், உள்ளே இறங்கிவிட்டால் ஆளைக் கொல்லும் என்று டவுன்ஸ்வில் டாக்டர் அன்றைக்கே படம் காட்டிச் சொல்லியிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பப்பின் சிரிப்பும் வந்தது.

"வெயில் புள்ளிதான்," என்றாள்.

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு."

பிறகு கேட்டபோதெல்லாம் அதே பதில். சொறியச் சொன்னால் சுற்றிச் சொறிந்துவிட்டாள். சட்டையில் ரத்தம் கசிந்தபோது அவன் பார்க்குமுன் துவைத்துப் போட்டாள்.

அக்குளில் கட்டி வந்து, இருமல் நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மெலனோமா, தோலில் வருவதிலேயே பொல்லாத புற்றுநோய், நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்விட்டது என்றாள் அந்தச் சின்ன வயசு டாக்டர். மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். பிறகு வெர்னாவைப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிசா இருந்திருக்கே. வீட்டுல நீங்க யாரும் பாக்கலையா?"

வெர்னா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

கிளெம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "இவ மச்சக்காரி, டாக்டர். ஒரு சின்னப் புள்ளிய பாத்தாலும் ஊரையே கூட்டிடுவா. அவ ஒண்ணுமில்லன்னு சொன்னா, அப்ப ஒண்ணும் இருந்திருக்காது."

முப்பது வருஷத்தில் அவள் பேச்சில் அவன் நம்பியது அது ஒன்றைத்தான்.