எடை குறைத்த பக்கம்

என் மனைவி தில்லைநாயகி ஒரு குக்கர் கம்பெனியின் இணையப் பக்கத்தில் இருக்கிறாள். பக்கத்தின் அடியில், இடது ஓரம். வேலைக்குப் போனவள், இடம் வசதியாக இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவளைப் பார்க்கலாம். அதற்கு நான் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

கணினியில் தட்டினால் தெருமுனையில் லாரி வந்து நிற்கும். லோடு வந்துவிட்டது என்று அர்த்தம். லோடுமேன்கள் பக்கத்தைத் துண்டு துண்டாகத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றுவார்கள். முதலில் கம்பெனியின் பெயர்ப்பலகை. அப்புறம் குக்கர்கள். அப்புறம் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரம். அதை யாரும் கூப்பிடுவதில்லை, கூடவே ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தில்லை. அவளும் வகிட்டிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வருவாள்.

அதுவரை எதிர்வீட்டு ராயப்பன் எங்கள் கூடத்தின் நடுவில் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் போன வருஷம் வட்டமாகிவிட்டார். பக்கம் வந்து முடியும்வரை யாராவது சுற்றத்தானே வேண்டும்.

எனக்குப் பொறுமை கிடையாது. பல் தேய்க்கும்போதே காபி கேட்கிற ஜென்மம் என்று தில்லை திட்டுவாள். எங்கள் மாடிப்படியோ நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிற்று. அவளுடைய மூக்குத்தி வந்து சேரும்போதே அங்கே இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும். வாய் வருவதற்குள் அவள் திரும்ப வேண்டும். கண்ணால் ஏதோ சொல்வாள். எனக்குப் புரியாது. கல்யாணமான புதிதிலும் புரிந்ததில்லை.

லோடுமேன்களின் மேஸ்திரி அருளானந்தத்திடம் சண்டைக்குப் போனேன்.

"என்ன மேஸ்திரி, மாட்டு வண்டியில கொண்டு வர்றீங்களா?"

"வெயிட்டு சார். அந்தக் குக்கரத் தூக்கிப் பாருங்க, தெரியும்."

"எனக்கு எதுக்குய்யா குக்கர்? என் பொண்டாட்டியக் கொண்டாங்க, போதும்."

"அப்ப படத்தையெல்லாம் நிறுத்திரவா?"

"அவளும் படந்தானே?"

"அம்மா படமில்ல சார். ஆளு."

மறுநாள் குக்கர் வரவில்லை. பதிலுக்கு 'படம்' என்று எழுதிய காலிக் கட்டங்கள் வந்தன. தைலமும் வரவில்லை. தில்லை வாயோடு வந்தாள்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"இப்பத்தான். நீ?"

"இங்க கொழம்பு நல்லாவே இல்லைங்க. உப்புமில்ல, ஒறப்புமில்ல" என்று சிரித்தாள். மணி அடித்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

"இன்னும் வேகமா முடியாதா?" என்று மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன்.

"முடியும் சார். ஒரே சாமானத் தெனம் தூக்கிட்டு வரோம், தூக்கிட்டுப் போறோம். மாறாதத இங்கேயே வெச்சுட்டுப் போனா மறுநாள் தூக்க வேணாம்."

நியாயமாகப் பட்டது. புடவை, வளையல், சிரிப்பு, 'சாப்பிட்டீங்களா' எல்லாவற்றையும் எங்கள் பீரோவில் வைத்துவிட்டுப் போனார்கள். தில்லை வந்ததும் அவற்றை எடுத்துப் போட்டுக்கொள்வாள். மாடிப்படி பாதியாகக் குறைந்தது.

ஒரு நாள் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"வாய்க்குப் பிடிக்கல தில்லை. உடம்பு அனலாக் கொதிக்குது."

அவள் சிரித்தாள். அது பீரோவில் இருந்த சிரிப்பு. கண் மட்டும்தான் அன்றைக்குப் புதிதாக வந்தது. அது கலங்கியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கண் வருவதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று மேஸ்திரியைக் கேட்டேன். சே, என்ன மனுஷன் நான்.

"இனிமே கொறைக்கிறதுக்கு என்ன சார் இருக்கு? வேணும்னா பேச்சச் சுருக்கலாம்" என்றார் அவர்.

"சுருக்குங்க."

தராசு கொண்டுவந்தார்கள். மேஸ்திரி அவளுடைய வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார்.

"'என்னங்க' வேணுமா?"

"வேணாம்."

அன்றைக்கு யோசிக்காமல்தான் சொன்னேன்.

"கெளம்பும்போது 'போயிட்டு வரேன்'ங்கிறாங்க. நீளமா இருக்கு. 'போறேன்'னு வெச்சா பாதி எடை கொறையும்" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா. வெட்டுங்க."

வெட்டினார்கள்.

மறுநாள் தட்டிய விரலை எடுப்பதற்குள் தில்லை முழுசாகக் கூடத்தில் நின்றாள். ராயப்பன் சுற்றவே ஆரம்பிக்கவில்லை.

"எனக்கு இனிமே இங்க சோலி இல்ல போலிருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இடைவேளை முழுக்க எங்களுக்கே எங்களுக்காகக் கிடந்தது. இதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன். ஆனால் அவளிடம் வார்த்தை அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. நேரம்தான் நிறைய இருக்கிறதே என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

"போறேன்" என்றாள்.

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீரோவைத் திறந்து மிச்ச வார்த்தையைத் தேடினாள். புடவைக்கு அடியிலும் தேடினாள். இல்லை. லோடுமேன்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். தில்லை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அன்றைக்கு மாடிப்படியில் ஒரே ஒரு படிதான் இருந்தது. இறங்கிவிட்டாள்.

"மேஸ்திரி, அந்த வார்த்தையத் திரும்பப் போடுங்க!" என்று கத்தினேன்.

"இனிமே எங்க சார் போடுறது? வீட்ல இருக்கறவங்கதான் சொல்லணும். 'போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு'ன்னு யாரா இருந்தாலும் சொல்லுவாங்களே. அம்மா அதுக்குத்தான நின்னாங்க. நீங்க சொல்லலியே."

சொல்ல நேரம் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தப் பக்கம் கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. எங்கள் ஊரிலேயே வேகமான பக்கம் அதுதான் என்கிறார்கள். அக்கம்பக்கத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடியில், இடது ஓரம் வெள்ளையாக இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

நேற்று மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவாக் கொண்டு வாங்க மேஸ்திரி."

"கொண்டு வர ஒண்ணுமில்லையே சார்."

"இருக்கட்டும். மெதுவா."

நல்ல மனுஷர். ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, வெறுங்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார்கள். நான் மேலே நின்றேன்.

"பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "அவசரமே இல்ல."