பாறையில் மிச்சம்

நானும் ரொஷேலும் செடிப் பைத்தியங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் என் பிளாற் பல்கனியில் துணி காயப்போட இடமில்லை. கொட்டாஞ்சேனையில் அவளுடைய குளியலறையில் ஆள் நிற்க இடமில்லை. காட்டில் எதைக் கண்டாலும் வேரோடு பிடுங்குவதில்லை என்பது எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம். பெகோனியாச் செடி விஷயத்தில் அந்தச் சட்டம் கஷ்டமே இல்லை. ஒரு இலையை ஈரமணலில் படுக்கவைத்தால் போதும், நரம்பு வழியே குஞ்சுச் செடிகள் முளைத்துவிடும்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான், இரத்தினபுரிப் பக்கம் நான் அலைந்து கண்டுபிடித்த பாறையை அவளுக்குக் காட்டினேன். இலங்கையைத் தவிர வேறெங்கும் முளைக்காத காட்டுப் பெகோனியா, நீர் கசியும் அந்தப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறொரு இடத்திலும் நான் அதைக் கண்டதில்லை. என் புருஷனுக்குக்கூட அந்த இடத்தைச் சொல்லவில்லை. ஆளுக்கொரு இலையோடு திரும்பினோம். என்னுடையது கடற்காற்றில் அழுகிப்போனது.

சில மாதம் கழித்து ரொஷேல் போனில் கோல் எடுத்தாள். “யது, என் இலை பூத்திருச்சுடி! வந்து பாரு.”

கொஞ்சம் பொறாமையோடும் நிறையச் சந்தோஷத்தோடும் போனேன். குளியலறை யன்னலோரம் வரிசையாகச் சட்டிகள், எல்லாவற்றிலும் வெளிர்சிவப்புப் பூ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தேத்தண்ணி போடப் போனதும் ஆசையில் ஒரு சட்டியின் மண்ணை விரலால் விலக்கினேன். பெருவிரல் தடிப்பில் கிழங்கு. அதில் பாறைச் சில்லும் கறுத்த பாசியும் ஒட்டியிருந்தன. அடுத்த சட்டியிலும் அதே கதைதான். இலையில் முளைத்த குஞ்சுக்குப் பாறைச் சில்லு எங்கேயிருந்து வரும்?

அவள் தேத்தண்ணித் தட்டோடு திரும்பி வந்தாள்.

“ரொஷேல், இதெல்லாம் இலையில வந்ததோ?”

“ஆமாடி. அதான் சொன்னேனே.” என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

சில்லை எடுத்து அவளுடைய தேத்தண்ணித் தட்டில் வைத்தேன். அவள் தட்டை யன்னலோரம் வைத்தாள்.

“ஒரு நாள் தனியாப் போனேன். நாம எடுக்காட்டி வேற யாராச்சும் எடுத்திருப்பாங்க, யது.”

“ஆரடி எடுக்கிறது? அந்த இடம் உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்!”

யாரோ ஒரு கள்ளன் பிடுங்கியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவளுக்கு வழுக்குகிற இடமெல்லாம் கைபிடித்து வழிகாட்டியவள் நான்.

“பாறையில எத்தினை மிச்சம் விட்டனீ?”

அவள் சில்லைத் தட்டிலிருந்து எடுத்துக் குப்பைவாளியில் போட்டாள்.

“டீ ஆறுது, குடி” என்றாள்.