கேட்க விடாத கேள்வி

தையற்காரிக்கு நாடகம் என்றாலே வேப்பங்காய். நாத்தனார்தான் நச்சரித்து, உள்நாட்டுப் போர் ஓய்ந்த பிறகு பள்ளிக்கூடக் கூடத்தில் தொடங்கிய நடிப்பு வகுப்புக்கு இழுத்துவந்திருந்தாள். "மிஷினோட மட்டும் பேசிட்டிருந்தா நீயும் மிஷினாயிடுவ, அண்ணி."

அன்று புதிதாக ஒரு கொத்தனார் வந்தான். அவன் "வணக்கம்" என்றதுமே தையற்காரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்தக் கட்டைக்குரல்! போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில், பிறகு திரும்பியே வராத அவள் கணவனைப் பேருந்திலிருந்து இறக்கிய குரல். அன்று அவன் முகத்தைத் துணி மூடியிருந்தது. குரலை எதைக் கொண்டு மூடுவது?

விஷயம் தெரியாத டீச்சர் சாவடிக் காட்சி ஒன்றை வைத்தார். காவலுக்கு நிற்கும் வேஷமும் கம்பும் அவளுக்கு, கொத்தனார் பயணி.

"முட்டி போடு."

போட்டான்.

"தலையைக் குனி."

குனிந்தான். கம்பு அவன் பிடரிக்கு மேலே உயர்ந்தது. அடி விழட்டும் என்று காத்திருப்பவனைப் போல அவன் அசையாமல் இருந்தான். ஒரு கணம் அது அவளுக்கு இனித்தது. இனித்ததே என்றுதான் பயந்துபோனாள்.

கம்பை அவன் கையில் திணித்தாள். "இந்த வேஷம் எனக்கு வேண்டாம், டீச்சர். அன்னைக்கு என்னைக் கேக்கவே விடல. இப்பக் கேக்கறேன்." அவன் பக்கம் திரும்பினாள். "மருந்துப் பையோட ஒருத்தர இறக்கினியே, அவர என்ன பண்ணின?"

டீச்சருக்கு முகம் வெளுத்தது. "நிறுத்திடலாமாம்மா?"

"நிறுத்தாதீங்க."

கொத்தனார் கம்பைத் தரையில் வைத்தான். "செங்கல் சூளைக்குப் பின்னாடி... நாந்தான் சுட்டேன். நாந்தான் புதைச்சேன்."

நாத்தனார் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "எங்கண்ணன்டா!"

"விடு," என்றாள் தையற்காரி. "அடிச்சா வாயை மூடிக்குவான். முதல்ல இடத்தைக் காட்டட்டும்."

காட்டினான். அதிகாரிகள் வந்து தோண்டினார்கள். எலும்புகள் வீடு வந்து சேர்ந்தன. அவன் சிறைக்குப் போனான். அவள் அழுது தீர்த்தாள். ஆனால் வகுப்பை விடவில்லை.

ஊரார் முன்னால் நாடகம் அரங்கேறியபோது, அதே கேள்வியை மேடையில் நின்று கேட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் தட்டுத்தடுமாறி எழுந்தார்.

"எம்பையனப் பத்தியும் கேளும்மா."

அவள் விளிம்புக்கு வந்து கையை நீட்டினாள்.

"நீங்களே மேல வந்து கேளுங்க, ஐயா."